சோயா இல்லாத மரக்கறிச் சாப்பாடு: சத்துக் குறையுமா?

"இன்றைக்கு இறைச்சி இல்லை, ஒரு சோயா பக்கட்டை உடைத்துப் போடு." மலைநாட்டில் இந்தப் பேச்சைக் கேட்காத அடுப்படி இல்லை. இறைச்சி விலை ஏறினால் சோயா. போயா தினத்தில் இறைச்சிக் கடை மூடியிருந்தால் சோயா. வீட்டுப் பெரியவருக்கு டாக்டர் இறைச்சியைக் குறைக்கச் சொன்னாலும் சோயா. இறைச்சி போன இடத்தை நிரப்ப அதைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது போலவே நம் வீடுகளில் பழகிவிட்டோம்.

ஆனால் சோயா எல்லோருக்கும் ஒத்துவருவதில்லை. சிலருக்கு அது உடம்பெல்லாம் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும் ஒவ்வாமை. சிலருக்கு வயிறு ஊதிக்கொள்கிறது. கிழமைக்கு மூன்று தடவை சமைத்தால் பிள்ளைகளுக்கும் அலுத்துவிடுகிறது. அப்படியானால் இறைச்சியும் இல்லாமல், சோயாவும் இல்லாமல் ஒரு குடும்பம் நோய் நொடியின்றிச் சாப்பிட முடியுமா? பிள்ளைகள் வளருவார்களா? தாய்மாருக்கு இரத்தம் ஊறுமா?

தாராளமாக முடியும். ஆனால் மரக்கறி என்ற பெயரில் எதையாவது சமைத்து வைத்தால் போதாது. கொஞ்சம் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். சுற்றிலும் மரக்கறித் தோட்டங்கள் நிறைந்த கந்தப்பளையை முன்வைத்து அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

மார்க்கம் தடுக்கவுமில்லை, கட்டாயப்படுத்தவுமில்லை

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். அல்லாஹ் ஹலாலாக்கியதை நாமாக ஹராமாக்கிக்கொள்ளக் கூடாது என்று சூரா மாஇதாவின் 87ஆவது வசனம் எச்சரிக்கிறது. எனவே இறைச்சி உண்பது பாவம், அதை விடுவதுதான் புண்ணியம் என்ற எண்ணத்துக்கு நம்மிடம் இடமில்லை. அதேபோல், தினமும் இறைச்சி சாப்பிட்டால்தான் முஸ்லிம் வீடு என்ற எண்ணத்துக்கும் ஆதாரம் கிடையாது.

நபி (ஸல்) அவர்களின் வீட்டை நினைத்துப் பாருங்கள். இரண்டு மாத காலத்தில் மூன்று பிறைகள் கண்டும் அடுப்பு எரியாமல், பேரீச்சம்பழமும் தண்ணீருமாகவே நாட்கள் கழிந்ததை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம் சகோதரி மகன் உர்வாவிடம் சொல்லியிருக்கிறார்கள். தையற்காரர் ஒருவரின் விருந்தில் வாற்கோதுமை ரொட்டியும் சுரைக்காயும் உப்புக்கண்டமும் போட்ட ஆணமும் வைக்கப்பட்டபோது, நபியவர்கள் தட்டில் சுரைக்காயைத் தேடியெடுத்து உண்டதை அனஸ் (ரலி) அவர்கள் கண்டு, அன்று முதல் தாமும் சுரைக்காயை விரும்பியதாக அறிவித்திருக்கிறார்கள். உண்ணுங்கள், பருகுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்பதே குர்ஆன் நமக்குத் தரும் பொது விதி.

ஆகவே பொருளாதாரத்துக்காகவோ உடல் நலத்துக்காகவோ கிழமையில் சில நாட்கள், ஏன், எல்லா நாட்களுமே மரக்கறி சாப்பிடுவதில் நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை.

சோயா எப்படி நம் வீட்டுக்குள் வந்தது?

சோயா அவரை நம் பாட்டிமார் அறிந்த பண்டமல்ல. இலங்கையில் அது 1970களில்தான் பெரிதாகப் பேசப்பட்டது. பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் சோயா உணவு ஆராய்ச்சி நிலையமும் இயங்கியது. 1973இல் தொடங்கிய திரிபோஷா சத்துமாவிலும் சோளத்தோடு சோயா சேர்ந்தது. கர்ப்பிணித் தாய்மாருக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் கிளினிக்கில் கொடுக்கப்படும் அந்த மாவை அறியாத தாய் நம் நாட்டில் இருக்க மாட்டார்.

நாம் 'சோயா மீட்' என்று சொல்வது, சோயா அவரையில் எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் மாவை இயந்திரத்தில் அழுத்தி, துண்டு துண்டாக்கிக் காய வைத்தது. அதில் ஏறக்குறைய பாதி புரதம். சத்தைப் பொறுத்தவரை அது மட்டமான பொருளல்ல. சோயா சாப்பிட்டால் ஆண்மை போய்விடும், குழந்தை பிறக்காது என்றெல்லாம் பரவும் பேச்சுக்கு, சாதாரணமாகச் சாப்பிடும் அளவில் ஆதாரமில்லை.

ஆனாலும் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பக்கட்டோடு வரும் சுவைத்தூளில் உப்பு அதிகம்; பிரஷர் உள்ளவர்கள் அதை முழுதாகக் கொட்டக் கூடாது. கோழிச் சுவை, இறைச்சிச் சுவை என்று எழுதியிருந்தால் அந்தச் சுவை எதிலிருந்து வந்தது என்று உள்ளடக்கத்தையும் ஹலால் முத்திரையையும் பார்த்து வாங்குவது நம் பொறுப்பு. தைரொயிட் மாத்திரை எடுப்பவர்கள் அதை வெறும் வயிற்றில் எடுத்து, சோயா உணவுக்கு நல்ல இடைவெளி விட வேண்டும். இல்லையென்றால் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது.

ஒரே பண்டத்தை நம்பியிருப்பதன் ஆபத்தை 2022ஆம் ஆண்டு நமக்குக் காட்டியது. அந்த வருடம் செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலைகள் ஒரு வருடத்தில் 94.9 வீதம் ஏறியிருந்தன. டொலர் இல்லாததால் வெளிநாட்டிலிருந்து வரும் மைசூர் பருப்புக்கும் தட்டுப்பாடு. மூலப்பொருள் கிடைக்காமல் திரிபோஷா உற்பத்தியும் தடுமாறியது. ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்றைச் சமைக்கத் தெரிந்த வீடு அந்த நாட்களைச் சமாளித்தது.

மலையில் ஏன் கடலை வேகுவதில்லை?

சோயா பக்கட் மலைநாட்டுப் பெண்களுக்குப் பிடித்துப்போனதற்குச் சோம்பல் காரணமல்ல. கொதிநீரில் சில நிமிடம் போட்டுப் பிழிந்தால் கறிக்குத் தயார். விடியுமுன் எழுந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கடைக்கோ கொழுந்து மலைக்கோ போகிற பெண்ணுக்கு அது பெரிய உதவி. கடலையும் பயறும் அப்படியல்ல. அதுவும் கந்தப்பளை போன்ற இடத்தில் அவை இன்னும் பிடிவாதம் பிடிக்கும்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. கந்தப்பளை கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலே இருக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கொழும்பில் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர் இங்கே சுமார் 94 பாகையிலேயே கொதிக்கிறது. அதற்கு மேல் எவ்வளவு விறகு வைத்தாலும் திறந்த பானையில் சூடு ஏறாது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். கடலை மட்டும் கல்லாகவே கிடக்கும். கொழும்புச் சமையல் புத்தகத்தில் போட்டிருக்கும் நேரம் நமக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

இதற்கான வழிகள்:

கடலை, கௌப்பி, முழுப்பயறு ஆகியவற்றை இஷாத் தொழுகைக்குப் பின் ஊறப் போடுங்கள். மலைக் குளிரில் பச்சைத் தண்ணீரில் ஊறுவது தாமதமாகும். வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி மூடி, அடுப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். ஊறிய தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேக வைத்தால் வாயுத் தொல்லையும் குறையும்.

பிரஷர் குக்கர் மலைநாட்டு வீட்டுக்கு ஆடம்பரப் பொருளல்ல. உள்ளே அழுத்தம் கூடுவதால் தண்ணீர் 100 பாகையைத் தாண்டிச் சூடாகிறது. கடலை விரைவில் வெந்துவிடும். விறகும் காஸும் மிச்சம். அதன் விலையைச் சில மாதங்களில் மீட்டுவிடலாம்.

சீக்கிரம் வேக வேண்டுமென்று அப்பச்சோடாவை அள்ளிப் போடாதீர்கள். பருப்பு மசியும், ஆனால் அதிலுள்ள பி வகை விட்டமின் அழிந்துபோகும்.

ஒரு எச்சரிக்கை: காய்ந்த சிவப்புப் போஞ்சி விதையை அரைகுறையாக வேக வைத்துச் சாப்பிடக் கூடாது. அதில் கடும் வாந்தியையும் வயிற்றோட்டத்தையும் உண்டாக்கும் நச்சுப் பொருள் உண்டு. நன்றாக ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிரஷர் குக்கரில் மசிய வேக வைத்தால் அது அழிந்துவிடும்.

குக்கர் இல்லாத வீட்டுக்கு மைசூர் பருப்பும் உடைத்த பாசிப்பயறும் கைகொடுக்கும். இரண்டும் திறந்த சட்டியிலேயே வெந்துவிடும். கிழமை நாட்களுக்கு இவை, ஓய்வு நாளுக்குக் கடலை என்று பிரித்துக்கொள்ளலாம்.

எவ்வளவு புரதம் வேண்டும்?

உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து 2007இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்குப் போதும். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஏறக்குறைய 42 கிராம். இது சோயா இல்லாமல் கிடைக்குமா? ஒரு நாள் சாப்பாட்டைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

காலையில் 100 கிராம் கோதுமை மாவில் சுட்ட ரொட்டி: 10 கிராம் புரதம். அதோடு 25 கிராம் பருப்பில் ஆக்கிய கறி: 6 கிராம். பகலில் 110 கிராம் அரிசிச் சோறு: 8 கிராம். 40 கிராம் பயறு அல்லது கடலைக் கறி: 8 கிராம். கீரையும் மற்ற மரக்கறியும்: 2 கிராம். அஸருக்குப் பின் ஒரு சிறங்கை கச்சான், சுமார் 25 கிராம்: 6 கிராம். இரவுச் சோறோ ரொட்டியோ: 6 கிராம். ஒரு முட்டை அல்லது ஒரு கிளாஸ் பால்: 6 கிராம்.

மொத்தம் 52 கிராம். தேவைக்கு மேல் 10 கிராம் கூடுதலாகவே வந்துவிட்டது. இதில் சோயா ஒரு துண்டு கூட இல்லை.

மரக்கறிப் புரதம் அரைகுறைப் புரதம் என்று சிலர் சொல்வார்கள். அதில் ஒரு பாதி உண்மை. அரிசியிலும் கோதுமையிலும் லைசின் என்ற பகுதி குறைவு. பருப்பு வகைகளில் அது நிறைய. பருப்பில் குறைவான மெதியோனின் அரிசியிலும் எள்ளிலும் இருக்கிறது. சோறும் பருப்பும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது நிறைக்கிறது. இரண்டையும் ஒரே வேளையில்தான் சேர்க்க வேண்டும் என்று 1971இல் அமெரிக்க எழுத்தாளர் பிரான்சிஸ் மூர் லாப்பே ஒரு நூலில் வலியுறுத்த, உலகமே அதை நம்பியது. பத்து வருடம் கழித்து வந்த பதிப்பில் அவரே அதைத் திருத்திக்கொண்டார். ஒரு நாளுக்குள் இரண்டும் வயிற்றுக்குள் போனால் போதும்.

நம் முஸ்லிம் நாடுகளைப் பாருங்கள். எகிப்தில் காலைச் சாப்பாட்டுக்கு அவித்த அவரையான 'ஃபூல்'. ஷாமில் கடலையையும் எள்ளையும் அரைத்த 'ஹும்முஸ்'. துருக்கியில் சிவப்புப் பருப்பு சூப். இவர்கள் யாரும் இறைச்சியை வெறுத்தவர்கள் அல்லர். இறைச்சி இல்லாத நாளில் எதைச் சாப்பிடுவது என்று தெரிந்து வைத்திருந்தவர்கள்.

பருப்புக் கறியா, பருப்புத் தண்ணியா?

மேலே சொன்ன கணக்கு காகிதத்தில் சரி. சட்டியில் சரியாக இருக்கிறதா? இங்கேதான் நம் வீடுகள் பல தவறிவிடுகின்றன.

90 கிராம் சோயா மீட் பக்கட் ஒன்றில் ஏறக்குறைய 45 கிராம் புரதம். ஐந்து பேர் சாப்பிட்டால் ஆளுக்கு 9 கிராம். மைசூர் பருப்பில் 100 கிராமுக்கு 24 கிராம் புரதம் இருக்கிறது. ஆளுக்கு அதே 9 கிராம் கிடைக்க வேண்டுமானால் ஐந்து பேருக்கு ஏறக்குறைய 190 கிராம் பருப்பு போட வேண்டும். நாம் போடுவது எவ்வளவு? ஒரு சின்ன கோப்பை, 75 கிராம் இருந்தாலே அதிகம். அதில் தண்ணீரும் தேங்காய்ப்பாலும் ஊற்றிச் சட்டியை நிறைத்தால் பார்வைக்குக் கறி தாராளம். ஆளுக்குக் கிடைப்பதோ மூன்று, நான்கு கிராம் புரதம். சோயாவை விட்டுவிட்டுப் பருப்புத் தண்ணியில் சோற்றைப் பிசைந்தால் பிள்ளை எப்படி வளரும்?

சகோதரிகளே, ஆளுக்கு ஒரு வேளைக்கு ஒரு சிறங்கை என்ற கணக்கில் பருப்பை அள்ளிப் போடுங்கள். செலவு கூடுமே என்று நினைக்கலாம். உள்நாட்டில் விளையும் பயறையும் கௌப்பியையும் கலந்து வாங்கினால், விலை ஏறி இறங்கும்போது ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறலாம். கொள்ளும் நல்ல சத்துள்ளது. தடிமன் பிடித்த நாளில் ரசமாக மட்டும் வைக்காமல், அவித்துத் தேங்காய்ப்பூ போட்டும் உண்ணலாம்.

இன்னொரு பிழை, பலாப்பிஞ்சையும் காளானையும் இறைச்சிக்குச் சமமாக நினைப்பது. மசாலா போட்டு வதக்கினால் இறைச்சி போலவே இருக்கும். ருசியில் குறை சொல்ல முடியாது. ஆனால் இறைச்சியின் ருசி வேறு, இறைச்சியின் சத்து வேறு. பலாப்பிஞ்சுக் கறி வைக்கிற நாளில் பக்கத்தில் ஒரு கடலைக் கறியும் இருக்கட்டும். உருளைக்கிழங்கும் அப்படியே. சோறும் உருளைக்கிழங்குக் கறியும் லீக்ஸ் சுண்டலும் வைத்தால் தட்டு நிறையும். அதில் பெரும்பகுதி மாச்சத்துத்தான். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு அது இன்னும் கெடுதல்.

தோட்டத்தில் எறியும் இலைகள்

கந்தப்பளைக்குக் குறைவில்லாதது மரக்கறி. கரட், பீட்ரூட், கோவா, லீக்ஸ், முள்ளங்கி, நோக்கல், போஞ்சி, உருளைக்கிழங்கு என்று லொறி லொறியாக இங்கிருந்து ஏற்றுகிறார்கள். ஆனால் ஏற்றுமுன் வெட்டி எறிகிற இலைகளில்தான் பல சத்துகள் போகின்றன. பீட்ரூட் இலை, முள்ளங்கி இலை, நோக்கல் இலை, லீக்ஸின் கடும்பச்சைப் பகுதி எல்லாமே உண்ணத் தகுந்தவை. பொடியாக அரிந்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் தேங்காய்ப்பூவும் போட்டுச் சுண்டினால் கிழங்கை விட இலையே ருசி என்பீர்கள்.

ஆனால் சந்தைத் தோட்டங்களில் பூச்சி மருந்து அடிப்பது வழக்கம். மருந்தடித்து உரிய நாட்கள் கழியாத இலையைச் சமைக்கக் கூடாது. வீட்டுப் பின்புறத்தில் நாலு சாக்கில் மண் நிரப்பி நோக்கலும் முள்ளங்கியும் வல்லாரையும் வளர்த்தால் அந்தப் பயமில்லை. எந்த இலையானாலும் ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். கழுவியபின் அரியுங்கள், அரிந்தபின் கழுவினால் சத்துத் தண்ணீரோடு போய்விடும்.

சாப்பிட்ட கையோடு தேத்தண்ணியா?

தேயிலை மண்ணில் இருந்துகொண்டு இதைச் சொல்வது சிலருக்குக் கசக்கலாம். சோறு தின்று கைகழுவியதும் ஒரு கோப்பை சாயத்தண்ணி குடிக்கும் பழக்கம் நம் உடம்பிலிருந்து இரத்தத்தைத் திருடுகிறது.

இறைச்சியிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சுலபமாகச் சேரும். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பு அப்படிச் சேராது. அதற்கு உதவி தேவை. தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் அந்த இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் மரக்கறி இரும்பில் பாதிக்கு மேல் வீணாகிவிடும். பால் ஊற்றினாலும் இதே கதைதான். இறைச்சி உண்பவரை விட மரக்கறி உண்பவருக்கே இதனால் நட்டம் அதிகம்.

தேத்தண்ணியை அடியோடு விடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ குடியுங்கள். சாப்பாட்டில் ஒரு துண்டு தேசிக்காயைப் பிழிந்துவிடுங்கள். அதிலுள்ள விட்டமின் சி இரும்பை உடம்பில் சேர்க்கும். பச்சையாக ஒரு கரட்-கோவா சம்பலில் தேசிப்புளி விட்டால் அதே பலன். மருத்துவச் செலவு எதுவும் இல்லாமல், நேரத்தை மாற்றியே இரத்தத்தைக் காப்பாற்றலாம்.

கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு மாத்திரையும் இப்படித்தான். அதைத் தேத்தண்ணியோடு விழுங்குவது மாத்திரையைக் குப்பையில் போடுவதற்குச் சமம். தண்ணீரோடோ தேசித் தண்ணியோடோ விழுங்குங்கள்.

மரக்கறியில் இல்லாதவை இரண்டு

எவ்வளவு கவனமாகச் சமைத்தாலும் மரக்கறியில் கிடைக்காத சத்து ஒன்று உண்டு: விட்டமின் பி12. இது குறைந்தால் இரத்தசோகை வரும். நாளடைவில் கை கால் விறைக்கும், ஞாபக மறதி வரும். பாலும் தயிரும் முட்டையும் உண்ணும் வீட்டில் பயமில்லை. நுவரெலியா மாவட்டம் பாலுக்குப் பேர்போன இடம். நாளுக்கு ஒரு கிளாஸ் பாலோ ஒரு கோப்பைத் தயிரோ, கிழமைக்கு மூன்று நான்கு முட்டையோ சேர்த்துக்கொள்ளுங்கள். பால், முட்டை இரண்டையுமே விட்டவர்கள் டாக்டரிடம் கேட்டு பி12 மாத்திரை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

மற்றது அயடீன். மீனையும் கருவாட்டையும் விட்டால் அயடீனுக்கு உப்பைத் தவிர வேறு வழி குறைவு. இலங்கையில் 1995 முதல் உண்ணும் உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டம். அடுப்புச் சூட்டிலும் ஈரத்திலும் அது குறையும் என்பதால் உப்பை மூடிய போத்தலில் வைத்து, கறி இறக்கும் நேரத்தில் போடுங்கள்.

கல்சியத்துக்குப் பாலோடு குரக்கனும் எள்ளும் உண்டு. குரக்கன் ரொட்டியும் எள்ளுருண்டையும் பிள்ளைகளுக்குக் கடைப் பிஸ்கட்டை விட எத்தனையோ மேல்.

இரண்டு சமையல் குறிப்புகள்

கடலை இறைச்சிச் சரக்குக் கறி (ஐந்து பேருக்கு): 250 கிராம் கடலையை இரவு ஊறவைத்துக் குக்கரில் மெதுவாக வேக வையுங்கள். எண்ணெயில் கறுவா, ஏலம், கராம்பு, ரம்பை, கறிவேப்பிலை போட்டு, வெங்காயத்தைப் பொன்னிறம் தாண்டிச் சிவக்கும்வரை வதக்குங்கள். இஞ்சி பூண்டு விழுதும், இறைச்சிக்குப் போடும் வறுத்த கறித்தூளும், ஒரு தக்காளியும் சேருங்கள். கடலையைப் போட்டுக் கிளறி, ஒரு கைப்பிடிக் கடலையை மசித்து விட்டால் கறி தடிப்பாகும். கடைசியில் முதற்பால், உப்பு, தேசிப்புளி. நாம் இறைச்சியில் தேடுவது பெரும்பாலும் இந்தச் சரக்கின் மணத்தைத்தான் என்பது சாப்பிட்டால் புரியும். ஆளுக்கு 10 கிராம் புரதம்.

முளைப்பயறு லீக்ஸ் சுண்டல்: 200 கிராம் பயறை ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி அடுப்போரத்தில் தொங்க விடுங்கள். மலைக்குளிரில் முளை வர இரண்டு நாள் ஆகலாம். துணி காயாமல் தண்ணீர் தெளியுங்கள். முளை கட்டியதும் லேசாக அவித்து, பொடியாக அரிந்த லீக்ஸோடு, கடுகு, செத்தல் மிளகாய், தேங்காய்ப்பூ, மஞ்சள் போட்டுச் சுண்டி, இறக்கியபின் தேசிக்காய் பிழியுங்கள். மாசி போட வேண்டாம். எள்ளை வறுத்துத் தூவினால் அந்த மணம் தனி.

நோன்பு காலத்தில் இறைச்சி போடாத நாளின் கஞ்சியிலும் ஒரு சிறங்கை பயறையும் வெந்தயத்தையும் சேர்த்துத் தேங்காய்ப்பாலில் காய்ச்சுங்கள். பேரீச்சம்பழம், தண்ணீர், கஞ்சி; தேத்தண்ணி தராவீஹுக்குப் பின் இருக்கட்டும்.

தாய்க்கும் சேய்க்கும்

2016ஆம் ஆண்டின் நாடளாவிய குடித்தொகை, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நாட்டில் 100க்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாமல் இருந்தார்கள். தோட்டப்புறத்தில் 100க்கு 32 பேர். சுற்றிலும் மரக்கறி விளைகிற மாவட்டத்தில் இந்த நிலை. தட்டில் சோறும் ரொட்டியும் நிறைய, பருப்பும் பாலும் முட்டையும் குறைவு என்றால் பிள்ளையின் வயிறு நிறைந்தாலும் உடம்பு வளராது.

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு சோற்றையும் பருப்பையும் சேர்த்து மசித்து, ஒரு கரண்டி தேங்காய்ப்பாலோ எண்ணெயோ விட்டு ஊட்டுங்கள். தெளிந்த பருப்புத் தண்ணீரை ஊட்டாதீர்கள். சத்து அடியில் தங்கிவிடும். திரிபோஷா கிடைத்தால், குழந்தைக்குச் சோயா ஒவ்வாமை இல்லாதபோது, தாராளமாகக் கொடுங்கள். சோயாவை நம்பியிருக்க வேண்டாம் என்பதற்கும் கிடைப்பதைத் தள்ளிவிடுவதற்கும் வித்தியாசம் உண்டு.

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் நாளுக்கு 30 கிராம் அளவு கூடுதல் புரதம் வேண்டும். பிள்ளை பெற்று முதல் ஆறு மாதம் பாலூட்டும்போது 19 கிராம் அளவு. இன்னொரு சிறங்கைக் கடலை, இன்னொரு கிளாஸ் பால், ஒரு முட்டை, இன்னொரு சிறங்கைக் கச்சான் என்று வேளைக்கு வேளை பிரித்துச் சேர்க்க வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் பருப்பைக் கூட்டுமுன் டாக்டரைக் கேட்கட்டும்.

கடைசியாக ஒன்று. இந்தக் கணக்கெல்லாம் வீட்டுப் பெண்ணின் தட்டுக்கும் சேர வேண்டும். மாப்பிள்ளைக்கும் பிள்ளைகளுக்கும் மாமா மாமிக்கும் பரிமாறிவிட்டு, சட்டியை வழித்துச் சோற்றோடு சாப்பிட்டுத் தேத்தண்ணியால் வயிற்றை நிரப்புகிறவள் நம் வீட்டில் யார்? மாதாமாதம் இரத்தம் இழப்பவளும் கருவைச் சுமப்பவளும் அவள்தானே? பருப்புச் சட்டியை இறக்கியதும் எல்லோருடைய பங்கையும் எடுத்து வையுங்கள். உங்கள் பங்கும் அதில் இருக்கட்டும். உங்களில் சிறந்தவர் தம் குடும்பத்தாரிடம் சிறந்தவரே என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை நினைத்து, அந்தப் பங்கு இருக்கிறதா என்று வீட்டு ஆண்களும் கேட்டுப் பார்க்கட்டும்.

வல்ல அல்லாஹ் நம் அடுப்படிகளில் பரக்கத்தையும், நம் பிள்ளைகளுக்கு வளர்ச்சியையும், நம் தாய்மாருக்கு ஆரோக்கியத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.